ஓர் ஆள் அதிகம்

சிறைத்துறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எங்கே போனாலும் தலைகளை எண்ணுவான். கல்யாணப் பந்தியில் எண்ணுவேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்களை எண்ணுவேன். ஒருமுறை மாமனார் வீட்டில் ஓர் ஆள் குறைகிறதே என்று நான் பதறியபோது, "எங்க அண்ணன் குளிக்கப் போயிருக்காரு, தப்பிச்சு ஓடல" என்றாள் என் மனைவி.

கடைசியாக நான் சூப்பிரண்டாக இருந்தது ஒரகடத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்திலிருந்த ஒரு சின்ன சப்ஜெயிலில். எழுபதுகளின் கடைசி. சுற்றிலும் நெல்வயல். ஏரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்டவர்கள், சாராயம் காய்ச்சியவர்கள் என்று எல்லாம் சில்லறைக் கேஸ்கள்தான். சொந்தத் துணியில்தான் இருப்பார்கள். சாயங்காலம் விசில் ஊதியதும் இரண்டிரண்டு பேராக வந்து உட்கார வேண்டும். ஜோடிகளை எண்ணி, புத்தகத்தோடு ஒத்துப்பார்த்துப் பூட்டுவோம். என் காலத்தில் இந்த எண்ணிக்கையில் ஒருநாளும் ஆள் குறைந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

கடைசி மூன்று வாரம் எங்களுக்குச் சமைத்துப் போட்ட கைதி, வெளியே கல்யாணச் சமையல்காரர். வல்லம் பக்கத்து ஆள். சாம்பாரில் உப்பு கம்மி என்று கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் சொன்னதற்கு, கரண்டியால் அவரை ஒரு போடு போட்டுவிட்டு உள்ளே வந்தவர். "நீங்க ரிட்டேராவுற அன்னிக்கு என் சாம்பார்தான் சார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பார்த்தால், அவருடைய தண்டனை முடிந்ததும் அதே நாள் காலையில்தான். "சாம்பாரெல்லாம் யாராவது வைப்பாங்க, வீட்டைப் பார்த்துப் போய்யா" என்று அனுப்பிவைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் என்னிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளப் புது அதிகாரி வந்தார். சின்ன வயசு, சட்டைப்பையில் மூன்று பேனா. எண்ணிக்கை சரியாக இருந்தால் கையெழுத்து, அப்புறம் விருந்து என்று ஏற்பாடு. விசில் ஊதினோம். புத்தகத்தில் இருபத்தோரு பேர். பத்து ஜோடி போக, கடைசியில் ஒருவர் தனியாக உட்கார வேண்டும். யாரும் தனியாக இல்லை. பதினொரு ஜோடியும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

மறுபடி எண்ணினேன். அப்போதும் இருபத்திரண்டு. ஆள் குறைந்துவிடுமோ என்று வாழ்நாளெல்லாம் பயந்தவனுக்கு, கூடிவிடும் என்று தோன்றியதே இல்லை.

கடைசி வரிசையில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. "நான்தான் சார்" என்று எழுந்தார் சமையல்காரர். "மத்தியானம் வெறகு எடுத்துக்கினு வந்தேன். சாம்பார் வேலையாவே இருந்துட்டேன். விசில் கேட்டுச்சா, பழக்கத்துல வந்து குந்திட்டேன்."

மூன்று வாரமாகத் தினமும் காவலோடு வெளியே போய், விறகுக் கட்டோடு வாசலுக்குத் திரும்பி வந்தவர். இன்றும் வந்ததும், கேட் வார்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். வெளியே போகிறவனைத்தானே நாங்கள் உற்றுப் பார்ப்போம்! அந்த வார்டர் இப்போது கதவோரமாக வெளிறிப்போய் நின்றார். வீட்டில் மூன்று பெண்கள். இது மேலே போனால் அவர் வேலை போய்விடும்.

புது அதிகாரி பேனாவைத் திறந்தார். "இதுக்கு ரூல் என்ன சார்?"

தப்பி ஓடினால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக ரூல் இருக்கிறது. தப்பி உள்ளே வந்தால் ஒரு வரி கிடையாது. "எனக்குத் தெரிஞ்சு இல்லை. ரிப்போர்ட் எழுதுறதா இருந்தா என் பேர்ல எழுதுங்க. கேட் வார்டரை விட்டுடுங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, முப்பத்தோரு வருஷ நல்ல பெயர் கடைசி ஒரு மணி நேரத்தில் போகிறதே என்றுதான் இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார், வார்டரைப் பார்த்தார். பிறகு கைதிகளைப் பார்க்க வருகிறவர்களின் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

"யாரைப் பாக்க வந்தீங்க?" என்று சமையல்காரரைக் கேட்டார்.

"இன்னா சார் கேள்வி இது? இவரைத்தான்."

கைதிகளின் பெயர் மட்டுமே ஏறிய அந்தக் கட்டத்தில் முதல் தடவையாக என் பெயர் ஏறியது. அடுத்த கட்டம், உறவுமுறை. பேனா நின்றது.

"உறவு?"

சமையல்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரே வூட்ல இருந்தோம்னு போடு சார்."

அவர் சிரிக்காமல் அப்படியே எழுதினார். மூன்று வாரமும் அவரை வைத்துப் பூட்டியவன் நான்.

சமையல்காரர் என்னைப் பார்க்க வந்தவர் ஆகிவிட்டதால், புத்தகத்தில் இருபத்தொன்று சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தோம். சாம்பாரில் உப்பு கொஞ்சம் கம்மிதான். கரண்டி அவர் கையில் இருந்ததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.