ஒரே கட்டிலிலிருந்து போன இரண்டு ஜெபங்கள்

என் அம்மா இனி எழுந்திருக்க மாட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட நேரத்தில் கர்த்தர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன். எனக்கு அழகாகப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு சூலூரில். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு எனக்கு அம்மா, அம்மாவுக்கு நான். வேறு யாரும் இல்லை. போன ஐப்பசி மழையில் ஒரு காலை, நான் தையல் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி அம்மா விழுந்தார். “கண்ணு” என்று ஒரு சத்தம்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கால் கோணலாகத் திரும்பிக் கிடக்கிறது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. நடைப்பயிற்சி கொடுக்கிற பெண் வந்து தூக்கி நிறுத்தினால் அம்மா ஈரத்துணி மாதிரி சரிந்துவிடுவார். தையல் போட்ட இடம் ஆறவில்லை. முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டியது. ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாமே படுத்த இடத்தில்தான். நான் முகம் சுளிக்காமல்தான் சுத்தம் செய்தேன். ஆனால் நான் துடைக்கிறபோதெல்லாம் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். “உடம்புல தெம்பே இல்லீங்க. இப்படியே படுத்துட்டாங்கன்னா அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்லை” என்றார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். என்னைத் தாண்டி ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

நம் சபையில் யாருக்கு என்ன வந்தாலும் நாம் செய்வதைத்தான் நானும் செய்தேன். உபவாசம் எடுத்தேன். பகலெல்லாம் வெறும் தண்ணீர். “அம்மாவை எனக்கு விட்டு வையும் ஆண்டவரே” என்ற ஒரே விண்ணப்பம்தான். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. லீவு தீர்ந்துவிட்டதால் காலையில் இட்லியும் மதியத்துக்கு ரசம் சாதமும் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாத்திரங்கள் காலியாக இருக்கும். ராத்திரி கஞ்சி கொடுத்தால், பகலில் சாப்பிட்டதே போதும் என்று இரண்டு வாயோடு நிறுத்திக்கொள்வார். சாப்பிட்டும் ஏன் உடம்பு தேறவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை. கர்த்தர் காதை மூடிக்கொண்டாரோ என்றுகூட நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நம் பாஸ்டர் ஐயா ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். அவர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஜெபிப்பதற்கு முன் நோயாளி வாயாலேயே விண்ணப்பத்தைக் கேட்பார்.

“ஏனுங்கம்மா, ஆண்டவர்கிட்ட என்ன கேக்கலாமுங்க?”

அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. “என்னைக் கூட்டிக்கச் சொல்லுங்கய்யா. இவ திரும்ப வேலைக்குப் போனதுல இருந்து நான் உபவாசம் இருந்து அதைத்தான் கேட்டுட்டு இருக்கறேன். இவ பொழப்பு என் கட்டிலோரத்துலயே போயிருமுங்க.”

பக்கத்துக் கட்டிலில் தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்த உடுமலைக்கார அக்கா எழுந்து நின்றுவிட்டார். “வயிறு ஒத்துக்கலைன்னு சொல்லி சாப்பாட்டை எனக்குக் குடுத்துப்போட்டாங்க அம்மணி. நானும் தெனமும் வாங்கிச் சாப்புட்டுப்போட்டேன். எனக்குத் தெரியாதுங்க” என்று அழுதார்.

ஒரே கட்டிலிலிருந்து இரண்டு ஜெபம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. படுத்திருந்தவர் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் விட்டு வைக்கச் சொல்கிறாள். இரண்டு பேரும் பட்டினி.

எனக்கு வந்த கோபத்தில் பாஸ்டர் ஐயா இருப்பதையே மறந்துவிட்டேன். “எம் வீட்டுக்காரரு போனப்ப நானும் இதே ஜெபத்தைத்தான பண்ணுனேன்? சோறு வேண்டாம்னு கெடந்தேன். நீ உட்டியா? கன்னத்தைப் புடிச்சு வாயில கஞ்சிய ஊத்துனே. இப்ப நீ மட்டும் போறியா? போ. நானும் சாப்புடாமத்தான் கெடக்கறேன். ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிக்கட்டும்.”

அம்மா முகம் சுவரை விட்டு என் பக்கம் திரும்பியது. “நீ எப்பக் கண்ணு சாப்புட்டே?” என்று கேட்டார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

பாஸ்டர் ஐயா வெளியே போனார். டீக்கடையிலிருந்து பாலும் பன்னும் வாங்கி வந்தார். “எனக்கு ஜெபிக்க வார்த்தை வரலீங்க. மொதல்ல ரெண்டு பேரும் சாப்புடுங்க” என்றார். அம்மா பன்னைப் பாலில் தொட்டு முதல் வாய் எனக்கு ஊட்டினார். இரண்டாவது வாயை நான் அவருக்கு ஊட்டினேன். அவர் விழுங்கினார். என் ஜெபத்துக்குப் பதில் வந்தது அந்த நேரத்தில்தான் என்று நான் விசுவாசிக்கிறேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சளி முற்றி, சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபடியே ஜெபித்தேன். அதிலிருந்தும் கர்த்தர் மீட்டுக்கொண்டு வந்தார். புண் மெல்ல ஆறியது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அம்மா வாக்கரைப் பிடித்து நின்றார். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. வலி இன்னும் இருக்கிறது. சில நாள் பழையபடி, “எதுக்கு என்னை வெச்சிருக்காரு?” என்று கேட்பார். தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுபோய் வைப்பேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது படுக்கையில் இருக்கலாம். நம்பிக் கேளுங்கள், அவர் கேட்கிற தேவன். ஆனால் அவர்களுக்காக ஜெபிக்கிறபோது அவர்கள் என்ன ஜெபிக்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டதால்தான் என் அம்மா இன்று அதோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்போதும் நாங்கள் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம்.