செய்து காட்டிய வினைச்சொற்கள்

தங்கை போராடி வென்றவை இவை: மகள், இப்போது அவளோடு இருக்கும், உள்ளிருந்து தாழிடக்கூடிய ஓர் அறை, கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய ஆங்கில வினைச்சொற்கள், ஒரு கையெழுத்து. பின்னவை இரண்டும் இல்லாவிட்டால் முன்னவை இரண்டும் இல்லை என்று அக்கா அடித்துச் சொல்வாள்.

பிழைக்கப் போன நாட்டில் புருஷன் முதல் தடவை அவள் மண்டையைப் பிளந்தபோது பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் பேசிய ஆங்கிலம் தங்கைக்குப் புரியவில்லை. புருஷனே அவளுக்காகப் பதில் சொன்னான்: படியில் விழுந்துவிட்டாளாம். அவர்கள் தலை மறைந்ததும் அவளுடைய வலதுகை விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான்.

அவளுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை. மெஷின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் அங்கே பெண்கள் ஆங்கிலத்தைச் செய்துகாட்டித்தான் படித்தார்கள். அவளோடு விரிப்பு மடிக்கும் நெட்டச்சி அவள் தோளைத் தள்ளி, "புஷ்! நேத்துன்னா புஷ்ட்!" என்று கத்துவாள். இவள் திருப்பித் தள்ளிச் சொன்னால்தான் பாடம் முடியும்.

"ஹிட்டுக்கு நேத்து என்னடி?" என்று ஒருநாள் கேட்டாள் தங்கை.

"அதுவும் ஹிட்தான்."

"சரிதான். என் வீட்டுலயும் நேத்து, இன்னிக்கு எல்லாம் ஒண்ணுதான்."

இடைவேளையில், ஆவி படிந்த கண்ணாடியில் இடதுகையால் பெயர் எழுதிப் பழகினாள்.

ஒருநாள் அவன் கொதிக்கும் கெட்டிலை மகள்மேல் வீசினான். குறுக்கே பாய்ந்த தங்கையின் தோள் வெந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருந்த அக்காவோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். பின்னாலேயே அவனும் வந்தான், தலையைப் படிய வாரிக்கொண்டு. மறுபடி இவனோடு அனுப்பிவிட்டால் பிள்ளை உயிரோடு மிஞ்சாது. அக்கா பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் பேசிக்கிறேன் அண்ணி. இவ வாயத் தொறந்தா வெறும் காத்துதான் வரும்," என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியைப் பார்த்துத் தங்கை எழுந்தாள்.

"ஹி புல்ட் மை ஹேர்." சலவைக்கூடப் பழக்கம், அவன் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

"ஹி புஷ்ட் மீ." அவன் சுவரில் போய் மோதினான்.

"ஹி ஹிட் மீ." அவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"கொன்னுடுவேன்டி!" என்று பாய்ந்து அவள் கழுத்தை நெரித்தான். அதிகாரி கண்ணெதிரே நடந்ததற்கு யாரும் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் அவனை மேஜைமேல் கவிழ்த்து விலங்கு மாட்டினார்கள்.

அதிகாரி வாக்குமூலத்தை எழுதி, மெதுவாகப் படித்துக்காட்டினார். தெரிந்த ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் தலையாட்டினாள். கைநாட்டுக்கு நீட்டிய மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டு, இடதுகையில் பேனாவை வாங்கினாள். எழுத்து எழுத்தாகப் பெயர் விழுந்தது. பக்கத்தில் அன்றைய தேதியும் போட்டாள்: 2011, மார்ச் 9.