நடந்தால் சரியாகிவிடும் வலி

என் மனைவி காலையில் பாயை விட்டு எழும்போது குதிகாலைத் தரையில் வைக்கமாட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, விரல்களை மட்டும் ஊன்றி, முள் கிடக்கிற இடத்தில் நடப்பவள் மாதிரி வாசல்வரைக்கும் போவாள். வாசல் தெளித்து முடிப்பதற்குள் நடை கொஞ்சம் நேராகியிருக்கும். நாங்கள் உப்பளத்துக்குப் போய்ச் சேரும்போது மற்ற பெண்களைப் போலவே நடப்பாள். அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

எழுபதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமான இரண்டாவது வருஷம் அது. மரக்காணம் உப்பளத்தில் இரண்டு பேருக்கும் கூலி வேலை. மழை ஓய்ந்ததும் பாத்திகளில் சேற்றை வாரிவிட்டு, களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்கவேண்டும். தரை கல் மாதிரி ஆனால்தான் உப்பு அழுக்கில்லாமல் விளையும். குதிகாலை ஓங்கி ஓங்கி வைக்கிற வேலை. தை மாசம் பூரா அவள் மிதித்தாள். மாசி பிறந்தபோது வலி வந்துவிட்டது.

"ஆணி அடிக்கிறாப்ல இருக்குதுங்க," என்றாள்.

காலைத் திருப்பிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, காயம் இல்லை. உப்புத் தண்ணீரில் வந்த பித்தவெடிப்புதான் இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

என் அம்மா நம்பவே இல்லை. "காலையில எழுந்து வேலை செய்ய மட்டும் வலிக்குதாம். பொழுது ஏறினா எங்க போவுது அந்த வலி? வலின்னா நாள் பூரா வலிக்கணும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் அதையே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஒருநாள் அம்மா சந்தைக்குப் போயிருந்தபோது நான் வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். அவள் செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலையைப் பரப்பி, குதிகாலை அதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து செங்கல்லை மறைத்துக்கொண்டு நின்றாள், திருடி அகப்பட்டவள் மாதிரி. நான் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

ஆடி மாசம் அவள் ஆறு மாசக் கர்ப்பம்.

"ஒரு பத்து நாள் வீட்ல இருக்கட்டுமா? வயித்துப் பாரமும் சேந்து கால்ல எறங்குதுங்க."

"குந்திக்கினே இருந்தா இன்னும் அதிகமாத்தான் ஆவும். நடந்தா சரியாப் போவுதுன்னு நீதான சொல்ற," என்றேன்.

மறுநாள் வேலைக்கு வந்தாள்.

அன்று மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். மேஸ்திரி கத்தினார். "ஏம்பா, வாரி வெச்ச உப்பு அப்படியே கெடக்குது, எழுந்திருங்க!" உட்கார்ந்து எழுந்தால் அவளுக்கு முதல் பத்து அடியும் காலை நேரத்து வலிதான். ஆறு மாசமாகப் பார்த்தவனுக்கு அது தெரிந்திருக்கவேண்டும். கூடையை நிரப்பி அவள் தலையில் தூக்கி வைத்ததே நான்தான். வரப்பு ஈரமாக இருந்தது. குதிகாலை ஊன்றாமல் விரல் நுனியிலேயே நாலைந்து அடி வைத்தாள். வழுக்கிவிட்டது. வரப்பு வயிற்றில் இடிக்கப் பாத்திக்குள் விழுந்தாள்.

உப்பு ஏற்ற வந்திருந்த லாரியிலேயே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை. உயிர் இல்லை. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். ஒரு படி அரிசி கனம்கூட இல்லை.

மூன்றாம் நாள் அவள் கட்டிலை விட்டு இறங்கினாள். வார்டுக்கு வந்த டாக்டரம்மா அவள் நடையைப் பார்த்துவிட்டு, திரும்ப உட்காரவைத்துக் குதிகாலின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழந்தைக்காகக்கூட சத்தம் போட்டு அழாதவள் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எத்தனை மாசமா?"

"ஆறு மாசமா," என்றாள்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பாதத்துக்கு அடியில குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் பட்டையா ஒரு நார் ஓடுதுப்பா. அது அடிபட்டிருக்குது. படுத்திருக்கும்போது சுருங்கிக்கும். எழுந்து முதல் அடி வெக்கும்போது வெடுக்குன்னு இழுக்கும். நடக்க நடக்க இளகும். இளகிட்டா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. வெளியில வீங்காது, செவக்காது. சொல்றவங்கள நம்பித்தான் ஆகணும்."

எழுந்திருக்கும் முன்னால் துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களைத் தன் பக்கமாக இழுத்துப் பிடிக்கவேண்டும் என்றார். சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கெண்டைச் சதையை இழுத்துவிட வேண்டும். வெறுங்காலோடு நடக்கக்கூடாது, வீட்டுக்குள்ளேயும் மெத்தென்ற செருப்பு வேண்டும். பாரம் தூக்கவே கூடாது. மாசக்கணக்கில் ஆகும், விடாமல் செய்தால் போய்விடும் என்றார். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

வெளியே வந்ததும் கடைவீதியில் ரப்பர் செருப்பு வாங்கினேன். வீட்டில் அம்மா, "உள்ள செருப்பா?" என்று ஆரம்பித்தாள். "அவ போடுவா," என்றேன். அம்மாவை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் அவள் விழித்ததும் துண்டை எடுத்துக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கூடையத் தூக்கி வெக்கிறப்ப என் மூஞ்சியப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பாத்திருந்தா நம்பியிருப்பீங்க."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே காலை நீட்டினாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. அதிலிருந்து தினமும் அப்படித்தான். நான் துண்டைப் பிடித்து இழுப்பேன், முப்பது எண்ணுவேன், விடுவேன், திரும்ப இழுப்பேன். அவள் சுவரைப் பார்த்தபடி கிடப்பாள்.

மார்கழியில் ஒருநாள், அவள் கழுவிவிட்ட வாசற்படியில் ஈரக்கால் தடம் பார்த்தேன். குதிகாலும் சேர்ந்து முழுப்பாதமும் பதிந்திருந்தது. உள்ளே ஓடிப்போய், "வலி இல்லியா?" என்று கேட்டேன்.

"ஒரு வாரமா இல்லீங்க. இனிமே நீங்க புடிக்க வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அளத்துப் பக்கம் அதற்கப்புறம் அவள் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஓலைக் கூடை முடைந்தாள். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால், சோறு போடட்டுமா என்று கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.