பத்தொன்பது மில்லிமீற்றர் சொக்கற்

பத்தொன்பது மில்லிமீற்றர். இந்திரகுமார் முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் நட்டுக் கழற்றிய நீளச் சொக்கற்றின், நட்டின்மேல் மாட்டும் இரும்புக் குழாயின், அளவு அது. ஓய்வுபெற்ற நாளிலிருந்து அதுவும் மற்றச் சாவிகளும் உள்ள ஆயுதப்பெட்டி அவருடைய காரின் பின்பக்கத்தில் கிடக்கிறது.

வயது அறுபத்தேழு. சிட்னியில், மெரிலேண்ட்ஸில் வீடு. ஐம்பது வருடமாகக் கிற்றார் வாசிக்கிறார்: மன்னாரில் மாதா கோவில் பாடகர் குழு, சிட்னியில் ஊராரின் கலியாண வீடு, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு. சனம் கேட்டது ஆடுவதற்குப் பைலா. வீட்டில் அவர் வாசித்தது புளூஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோக இசை. இந்த வருடம்தான் தன் பெயரில் ஒரு புளூஸ் அல்பம் தொடங்கினார். ஒன்பது பாட்டு.

எட்டாவது முடிந்த வாரம், குசினியில் அடுப்பில் கொதிக்கும் தாச்சியை வெறும் இடது கையால் இறக்கினார்.

"இஞ்சருங்கோ, கை சுடேல்லையோ?" மனைவி மாக்கிறேட் கத்தினார்.

"இல்லையே."

அந்தக் கையின் கடைசி இரண்டு விரல்களும் கொப்பளித்திருந்தன. முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் வைத்தியர். ஒப்பரேசன் செய்தால் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்திய சனிக்கிழமை ஒன்பதாவது பாட்டு. டூங்கபியில் தன் வீட்டுக் கராஜை ஸ்டூடியோ ஆக்கியிருக்கும் சென்னைப் பெண் ஹரிப்பிரியாதான் ஒலிப்பதிவு. அவரிடம் இந்திரகுமார் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் தடவை ஹரிப்பிரியா நிறுத்தினார்.

"அங்கிள், மோதிர விரல் கம்பிய அமுக்கவே இல்ல."

"கம்பி பழசு, பிள்ளை."

"காலையிலதானே மாத்துனீங்க?"

பஸ் நேரம் சொல்வதுபோல இந்திரகுமார் எல்லாவற்றையும் சொன்னார்: தாச்சி, நரம்பு, செவ்வாய்க்கிழமை.

"பரவால்ல அங்கிள். துண்டு துண்டா வாசிங்க, கம்ப்யூட்டர்ல ஒட்டிடறேன்."

"ஒட்டினா அது நீர் வாசிச்ச பாட்டு."

எழும்பிக் காருக்குப் போனார். சொக்கற்றோடு வந்து, அதை மரத்த மோதிர விரலில் மாட்டினார். கம்பிமேல் இரும்பைச் சறுக்கி வாசிப்பது புளூஸில் பழைய வழி. இளவயதில் உடைந்த போத்தல் கழுத்தை விரலில் மாட்டி அப்படிப் பழகி, பிறகு விட்டுவிட்டார். சறுக்குவதற்கு விரல் உணரத் தேவையில்லை, காது கேட்டால் போதும். முதல் இரண்டு தடவை சுருதி விலகியது. மூன்றாவது கடைசிவரை போனது.

"இதுதான் அங்கிள்! உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"பஸ் திருத்தின மாதிரி இருந்தது."

திரும்பப் போட்டுக் கேட்கவில்லை.

"முடிஞ்சுதோ?" என்றார் மாக்கிறேட், வீட்டு வாசலில்.

"ஓம்."

சோறு போட்டுக் கொடுத்தார். இவர் சாப்பிட்டார்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு அவர் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். ஒப்பரேசனுக்குப் பிறகு ஆறு வாரம் கிற்றார் தொடக்கூடாது. அல்பம் ஐந்தாவது வாரம் வெளிவருகிறது.