இடது காலுக்கு விழுந்த அடி

ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவள் நான்; பிழையும் மறதியும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராணுவப் பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் வாசித்த பழைய மாணவர்கள் திண்டுக்கல் மண்டபம் ஒன்றில் கூடியபோது, நான் அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பெரிய டிரம் அடித்தவர் ஒல்லியான மனிதர். இடது கால் செயற்கைக்கால். டீ குடிக்கும்போதும் விரல் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தது.

பழையபடி வாசித்துக்கொண்டே தெருவில் ஊர்வலம் போகக் கிளம்பும்போது கூட்டாளி ஒருவர் அவரிடம், "நீ உக்காரு அப்பு, நாங்க நடக்குறோம்" என்றார்.

"ஏலே, இடது காலு விழயிலதான டிரம் அடிக்கணும்? என் காலு விழட்டும், அடிக்கிறேன். அதுக்கு ஏத்தாப்புல நீங்க நடங்கடா!"

டிரம்மை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கால் மெதுவாகத்தான் விழுந்தது. அத்தனை பேரும் காத்துக் காத்து அவர் நடைக்கே நடந்தார்கள். என் கத்தியும் அந்த அடிக்கே விழுந்தது.

அடி இடது காலுக்கா, வலது காலுக்கா என்பதைத் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். அவர் உட்காரவில்லை, அதை யாரும் சரிபார்க்க வேண்டாம்.