ஆயுத பூசைக்குக் குளித்த இரும்பு உருண்டைகள்

என் பேத்தி யுவஸ்ரீக்கு இரண்டு மாதம். தங்கம். அவளுக்குத் தாத்தா இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் என் சம்பந்தி வேதாசலம். பெண்ணைக் கொடுத்த இடம் என்பதால் ஒரு தடவை 'இன்னொருவர்' என்று எழுதிவிட்டேன். இனி அந்த மரியாதை முடியாது.

கனகம்மாசத்திரம் பக்கம் புதிதாக வந்த இரும்பு ஆலையில் நான் வாசல் காவல். வேதாசலம் சரக்குக் களத்து மேஸ்திரி. அங்கே கரி கிடையாது. இரும்புத் தாதுவை உருண்டை பிடித்துச் சுட்டு, உலையில் கொட்டி, ஹைட்ரஜன் வாயுவைச் சூடாக உள்ளே விட்டு இரும்பாக்குவார்கள். விஜயதசமியன்று முதல் சோதனை. நல்லபடி முடிந்தால் இவனுக்கு சூப்பர்வைசர் வேலை. முடிவதற்குள்ளேயே சட்டையில் 'சூப்பர்வைசர்' என்று தைத்துப் போட்டுக்கொண்டு திருத்தணி மலைப்படி ஏறினான். முருகனுக்கும் தெரிய வேண்டுமாம்.

உருண்டைகளின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியிருக்கும். என்ஜினீயர் கயல்விழி அவனிடம் சொன்னபோது நானும் இருந்தேன்.

"அண்ணா, உலையில இது இரும்பா மாறச்சொல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டிக்கினா வாயு போக வழி இருக்காது. அதுக்குத்தான் இந்தச் சுண்ணாம்பு. அப்படியே இருக்கட்டும்."

"ஆங் ஆங், எனக்குத் தெரியாதாம்மா?"

தலையாட்டுவதில் பூம்பூம் மாடு தோற்றுப்போகும்.

ஆயுத பூசையன்று கயல்விழி ஊருக்குப் போயிருந்தாள். நான் வீட்டில் பேத்தியோடு. களத்தில் இவன் ராஜ்ஜியம். மறுநாள் தேங்காய் உடைத்து உலையை மூட்டினார்கள். மதியத்துக்குமேல் உலையின் அடிவாயில் இரும்பு ஒன்றும் விழவில்லை. வாயு ஏறவில்லை. அணைத்து, ஆறவிட்டுத் திறந்தால், உள்ளே எல்லாம் ஒட்டி ஒரே பாறை.

"சரக்குல இன்னாண்ணா பண்ணீங்க?" என்றாள் கயல்விழி.

"நான் ஒண்ணும் பண்லம்மா! லாரி, தராசு, மம்முட்டி எல்லாம் கழுவுனோம். உருண்டை மட்டும் பூஞ்சை புடிச்ச சோறாட்டம் கெடந்துச்சு. பெரிய ஆளுங்க வராங்களேன்னு அதையும் பைப்பு போட்டுத் தேச்சுக் கழுவி, பளபளன்னு ஏத்துனேன்!"

நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சூப்பர்வைசர் வேலை களத்தில் இவனுக்குக் கீழே இருந்த ஜாஹித்துக்குப் போனது. இவன் கையில் சம்மட்டி கொடுத்துப் பாறையை உடைக்க விட்டார்கள்.

போன ஞாயிறு பேத்தியைப் பார்க்க வந்தான். சட்டையில் நூலைப் பிரித்திருந்தான். ஊசித் தடம் மட்டும் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. குழந்தை என் மடியை நனைத்தாள்.

"குடுங்க சம்பந்தி, நான் கழுவி வுடறேன்" என்று கை நீட்டினான்.

நான் பேத்தியை இறுக்கிக்கொண்டேன்.

"வோணாங்க சம்பந்தி. நீங்க கழுவுனது போதும்."