நாலு அங்குல உயரம்

என் தங்கை மார்வாவைக் கட்டியவன் ஆர்விட் குவாம்மே. கிழக்கு மொன்டானாவில் எங்கள் பக்கம் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது, பிடித்தவர்களும் அதிகம் கிடையாது. உழைப்பாளிதான், குறை சொல்ல முடியாது. அடுத்தவன் வேலி அறுந்து கிடந்தால் யாருக்கும் தெரியாமல் கட்டிவிட்டுப் போவான். தன் வேலி அறுந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன் நான் என்பதால், அவனுடைய வீம்பெல்லாம் கடைசியில் என் பட்டறை வாசலில் வந்துதான் நிற்கும்.

அவனுக்கு ஒரே மகன், லேன். மாடுகள் மேல் அப்பனுக்கு இருந்த பாசம் அவனுக்கும் உண்டு, வீம்பும் அப்படியே. ஒரு வசந்தத்தில் பண்ணை பிக்கப் வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்து, பின்பக்கம் பாரம் தாங்கும் கனமான ஸ்பிரிங் வில்லுகள் போட்டு, பெரிய சக்கரம் மாட்டி, வண்டியை நாலு அங்குலம் தூக்கினான். அப்பனைக் கேட்கவில்லை. சாயங்காலம் ஆர்விட் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஏறுறதுக்கு ஏணியும் சேர்த்து வாங்கிட்டியாடா?"

"ராணுவத்துல கழிச்சுவிடுற டிரெய்லர் ஏலத்துக்கு வருதுப்பா. அதை வண்டியில மாட்டுற வளையம் இந்த உயரத்துலதான் இருக்கும். ஒண்ணு வாங்கிப் போட்டா தண்ணி இழுக்கலாம்."

"தண்ணியா? நம்ம கிணறு எங்க தாத்தா வெட்டினது. ஊரே காஞ்சாலும் அது காயாது. ஊருக்குள்ள பொண்ணுங்க முன்னாடி உசரமா உக்காந்து போகணும், அதானே உன் ஆசை?"

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லேன் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு வளர்ந்து வளர்ந்து, அறுவடைக்கு முன்பே அவன் பில்லிங்ஸ் நகரத்துக்குப் போய் ஏதோ கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் போன மறுவாரம் ஆர்விட் பிக்கப்பை என்னிடம் கொண்டுவந்தான்.

"இதைப் பழையபடி இறக்கிடு மச்சான். அந்த வில்லைப் பழைய இரும்போட தூக்கிப் போடு."

"பையன் ஆசையா போட்டது மாப்ள. இருந்துட்டுப் போகட்டுமே."

"என் வண்டியா, உன் வண்டியா?"

இறக்கிக் கொடுத்தேன். வில்லுகள் இரும்புக்காரன் லாரியில் போயின.

அதற்குப் பிறகு மழை எங்களை மறந்துவிட்டது. இரண்டாவது கோடையில் தாத்தாவின் கிணறு சேறு கக்கியது. மாட்டை விற்றுத் தொலையுங்கள் என்று மார்வா கெஞ்சினாள். ஆர்விட் கேட்கவில்லை. "மாடு இல்லாத பண்ணைக்கு அவன் எதுக்குடி திரும்பி வருவான்?" என்று அவளிடம் கேட்டானாம். எனக்கு அவள்தான் சொன்னாள். இதையே லேனிடம் போனில் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவன் பஸ் ஏறியிருப்பான். சொல்லிவிட்டால் அப்புறம் ஆர்விட் ஆர்விட்டாக இருக்க முடியுமா?

மாடு சாகாமல் இருக்க வேண்டுமானால் ஊர்க் குழாயிலிருந்து தினம் வண்டியில் தண்ணீர் இழுக்க வேண்டும். ஆர்விட் ஏலத்துக்குப் போய் ராணுவ டிரெய்லர் ஒன்றை எடுத்துவந்தான். நல்ல கெட்டியான வண்டி. சமதரையில் அதை மட்டமாக நிறுத்தி, முன்வளையத்துக்கு டேப் பிடித்தோம். பிறகு பிக்கப்பின் கொக்கிக்குப் பிடித்தோம். நாலு அங்குலம் வித்தியாசம். பிக்கப்தான் தாழ்வு. ஆர்விட் டேப்பை விட்டான், அது சரேலென்று உள்ளே ஓடியது.

"லேனுக்கு ஒரு போன் போடு மாப்ள. எந்த வில்லுன்னு அவனுக்குத் தெரியும்."

"வில்லெல்லாம் வேணாம். கொக்கித் தகடை மேல ஏத்தி வெல்டு வை."

"வெல்டு வைக்கலாம். ஆனா பாரம் ஏத்தி நிறுத்தி அளக்கணும். காலி வண்டி அளவு சும்மா. தண்ணி ஏறினா பழைய வில்லு உக்காந்துடும்."

"நான் பொறந்ததுலேர்ந்து வண்டி ஓட்டுறேன் மச்சான். நீ வெல்டை மட்டும் பாரு."

எங்கள் ஊரில் இன்னொருத்தன் வண்டிப் பாரத்தைப் பற்றி இரண்டு தடவை பேசக்கூடாது. ஒரு தடவை சொல்லலாம், அது நட்பு. இரண்டாவது தடவை சொன்னால் அவன் ஆம்பிளைத்தனத்தைக் கேள்வி கேட்டதாகிவிடும். நான் வெல்டைப் பார்த்தேன். காலி டிரெய்லர் கோடு போட்டதுபோல் மட்டமாக நின்றது. ஆர்விட் குனிந்து பார்த்து, பல நாளுக்குப் பிறகு சிரித்தான்.

டிரெய்லரில் தொட்டி வைத்துத் தண்ணீர் இழுத்தான், சில நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம், ஒரு நடையை மிச்சம் பிடிக்கலாம் என்று பிக்கப்பின் முதுகிலும் ஒரு தொட்டியை வைத்து நிரப்பினான். பின்பக்கம் உட்கார்ந்தது. டிரெய்லர் மூக்கைக் குத்திக்கொண்டு அதன்மேல் சாய்ந்தது. பிக்கப்பின் முன்சக்கரத்தில் பாரமே இல்லாமல் ஓடை இறக்கத்துக்கு வந்தான். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினான், வண்டி திரும்பவில்லை. ஜல்லியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. பின்னால் தண்ணீர் தள்ளியதில் டிரெய்லர் கவிழ்ந்து தொட்டி பிளந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆர்விட் உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, தண்ணீர் புழுதிக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மார்வாகிட்ட சொல்லாத" என்றான். கையே தொங்குகிறது, இதைச் சொல்லாமல் மறைக்க வேண்டுமாம்.

தோள் கட்டோடு தண்ணீர் இழுக்க முடியாது. என் ஓட்டை வண்டியில் நான் இழுத்துக் கொடுத்தது பாதி மாட்டுக்குக்கூடக் காணவில்லை. அந்த வாரச் சந்தையிலேயே மந்தை மொத்தமும் போய்விட்டது. மார்வா சொல்லி லேன் வந்திருந்தான். ஏலக்கூடத்தில் அப்பனுக்கு எதிர்ப்பக்க பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு மாடும் ஏல வட்டத்துக்குள் வந்து சுற்றிப் போவதைப் பார்த்தான். வெளியே காப்பி குடிக்கும்போது என்னிடம் சொன்னான்.

"பனி விழறதுக்கு முன்னாடி வேலையை விட்டுட்டு வரலாம்னு இருந்தேன் மாமா. முதலாளிகிட்டகூடச் சொல்லிட்டேன். இனிமே வேலையை விடலைன்னு அவர்கிட்ட சொல்லணும்."

எனக்கு இரண்டு பேரையும் பிடித்து மண்டையோடு மண்டை மோதவிட வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் லேன் முற்றத்தில் நின்ற நசுங்கிய பிக்கப்பிடம் போனான். குனிந்து, ஏற்றி வைத்த கொக்கித் தகட்டைப் பார்த்தான். பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் நடுவே நாலு விரலை வைத்துப் பார்த்தான். ஆர்விட் கட்டுப்போட்ட கையோடு வாசற்படியில் நின்றான். ஏதாவது சொல்லித் திட்டட்டும் என்று அவன் காத்திருந்தது எனக்கே தெரிந்தது.

"வெல்டு நல்லா வச்சிருக்கீங்க மாமா" என்றான் லேன்.

அம்மாவைக் கட்டிக்கொண்டான். அப்பனுக்குத் தலையை மட்டும் அசைத்தான். இருட்டுவதற்குள் பில்லிங்ஸ் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டான். கார் கிளப்பிய புழுதி அடங்கும்வரை ஆர்விட் படியை விட்டு இறங்கவில்லை.

"அவன் ஒண்ணுமே கேக்கலையே, மச்சான்" என்றான்.

"கேக்குறதுக்கு என்ன இருக்கு மாப்ள" என்றேன். "அவன் சொல்ல வேண்டியதை வண்டியை உசத்தின அன்னிக்கே பட்டறைல சொல்லிட்டான்."